அகல உழுவதா, ஆழ உழுவதா? கலை வரலாறு படிக்கப்போகும் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி:

பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் வகுப்பு தொடங்குகிறது. பாடத்திட்டத்தைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. முதல் ஆண்டிலேயே குகை ஓவியம், எகிப்து, கிரேக்கம், பௌத்தக் கலை, இஸ்லாமியக் கலை, மறுமலர்ச்சி, ஆப்பிரிக்கா, கிழக்காசியா, நவீனம் என்று வரிசையாக நிற்கிறது. 'அகல உழுவதைவிட ஆழ உழு' என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். இது நுனிப்புல் மேய்கிற படிப்பாகிவிடாதா? பேசாமல் ஒரு நாட்டையோ ஒரு காலத்தையோ மட்டும் பிடித்துக்கொள்ளலாமா? இன்னும் சில சந்தேகங்கள். எனக்கு வரைய வராது. ஆண்டுகள் மனதில் நிற்பதில்லை. பைபிள் கதையோ ஜப்பானிய வரலாறோ தெரியாத நான் அந்தப் படங்களைப் பற்றி வாய் திறக்கலாமா? இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னை இந்தப் பக்கம் இழுத்தது ஒரே ஒரு படம், ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அந்தப் பெரிய அலை. ஒரு படம் பிடித்துப்போனதற்காக ஒரு பட்டப்படிப்பில் சேர்வது சரியா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரிதான், தயங்காமல் சேருங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். கலை பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைவிட, ஏதோ ஒரு படமோ சிலையோ கட்டடமோ மனதில் புகுந்துகொண்டு வெளியே போக மாட்டேன் என்கிறது என்று வருகிறவர்கள்தான் கடைசிவரை சலிக்காமல் படிக்கிறார்கள். உங்கள் அலையைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

இப்போது உழவு. அந்தப் பழமொழியோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் ஆழ உழச் சொல்கிற கட்சிதான். ஆனால் கலை வரலாற்றில் ஒரு பொருளை ஆழத் தோண்டத் தொடங்கினால், சற்று நேரத்தில் வேறொரு நாட்டில், வேறொரு நூற்றாண்டில் போய் நிற்பீர்கள். இரண்டு ஜாடிகளை வைத்துச் சொல்கிறேன்.

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் 'டேவிட் ஜாடிகள்' என்ற பீங்கான் ஜோடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம். வெள்ளை உடம்பில் நீலத்தால் டிராகன், ஃபீனிக்ஸ் பறவை, தாமரைக் கொடி, வாழையிலை. கழுத்தின் இரு பக்கமும் யானைத் தலைக் கைப்பிடிகள். சீனாவின் ஜிங்தேஜென்னில் சுட்டவை. ஒரு தாவோயிசக் கோயிலுக்கு அவற்றைக் காணிக்கையாகக் கொடுத்தவர், கொடுத்த தேதியையும் ஜாடியின் கழுத்திலேயே எழுதச் செய்திருக்கிறார்: கி.பி. 1351. அந்த ஒரு வரி பெரிய வேலை செய்தது. நீல வெள்ளைப் பீங்கான் மிங் அரசர்கள் காலத்தில் முதிர்ந்த கலை என்று நினைத்துக்கொண்டிருந்த அறிஞர்கள், அதற்கு முந்தைய யுவான் என்ற மங்கோலிய அரசர்கள் காலத்திலேயே அது இந்த அளவுக்குத் தேறிவிட்டது என்று கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

சரி, இது சீனக் கலை, சீனக் கலைப் பாடத்தில் படித்துக்கொள்ளலாம் என்று மூடிவைக்கப் பார்ப்போம். அந்த நீலம் எங்கிருந்து வந்தது? அது கோபால்ட். அன்று ஜிங்தேஜென் குயவர்களுக்குக் கிடைத்த உயர்ந்த கோபால்ட் ஈரானிலிருந்து வந்தது. சீனாவை மங்கோலியர் ஆண்டார்கள், ஈரானையும் மங்கோலியரின் இன்னொரு கிளை 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஆண்டது, ஆகவே சரக்கு போகவர வழி இருந்தது. ஜாடிகளோடு அங்கே பெரிய பெரிய நீல வெள்ளைத் தட்டுகளும் செய்தார்கள், அவ்வளவு பெரிய தட்டுகளை யார் வாங்கினார்கள்? மேற்காசியாவில் பலர் சூழ்ந்து உட்கார்ந்து ஒரே தட்டில் உண்ணும் விருந்துகளுக்கு அவை போயின. இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் இன்றும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சீனப் பீங்கான்கள் இருக்கின்றன. ஈரானின் ஷா அப்பாஸ் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அர்தபில் தர்காவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான்களைக் காணிக்கையாக்கினார். துருக்கியின் இஸ்னிக் குயவர்கள் சீனத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கள் களிமண்ணில் அதே கொடியை வரைந்து பார்த்தார்கள், வரைய வரைய அது வேறு கொடியாயிற்று. டெல்ஃப்ட் நகரத்து டச்சுக் குயவர்களுக்குப் பீங்கான் மண்ணின் சூட்சுமம் தெரியாது. சாதாரண மண்பாண்டத்தின் மேல் வெள்ளீயம் கலந்த மெருகைப் பூசி அந்த வெண்மையை எட்டிப்பிடித்தார்கள். ஐரோப்பாவில் உண்மையான கெட்டிப் பீங்கான் ஜெர்மனியின் மெய்சனில் வெளிவர 18ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு நாட்டை மட்டும் படித்தவர் எதைப் பார்த்திருப்பார்? ஜாடியின் ஒரு பக்கத்தை மட்டும்தான்.

முதல் ஆண்டுப் பாடம் மெல்லியதாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். எகிப்தின் மூவாயிரம் ஆண்டுகளை இரண்டு வாரத்தில் நடத்துகிற எந்த ஆசிரியருக்கும் உள்ளுக்குள் குற்ற உணர்வு உண்டு. அந்த வேகம், எங்கே என்ன இருக்கிறது என்று உங்களுக்குக் காட்டிவைப்பதற்காக. பிற்பாடு உங்கள் பொருள் ஈரானுக்கு ஓடும்போது, அங்கே யாரிடம் போய்க் கேட்பது என்று தெரிந்திருக்கும். ஆகவே சேர்ந்ததும் ஒரே நாட்டுக்குள் ஒதுங்கிவிடாதீர்கள். விருப்பத் தாள் எடுக்கச் சொன்னால், குறைந்தது ஒன்றாவது உங்களுக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லாத இடத்திலிருந்து எடுங்கள். எந்தப் பாடம் மனதில் ஒட்டுகிறது என்பது உட்கார்ந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

ஆழம் என்று நீங்கள் கேட்பது உண்மையில் பார்வையில் வருகிறது. இந்தப் படிப்பில் முதலில் பழக வேண்டியதும் அதுதான். ஒரு பொருளின் முன்னால் நின்று, புத்தகத்தைத் திறக்காமல், பெயர்ப்பலகையைப் படிக்காமல், கண்ணில் படுவதை மட்டும் சொல்லால் எழுதுவது. கேட்கும்போது சுலபமாக இருக்கும். முதல் வகுப்பில் எழுதச் சொன்னால் மாணவர்கள் பத்து நிமிடத்தில் பேனாவை மூடிவிடுவார்கள். 'அழகாக இருக்கிறது', 'சோகமாக இருக்கிறது' என்று எழுதியிருப்பார்கள். எது சோகம்? தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, கண் எதைப் பார்க்கவில்லை? அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், ஒரே ஓவியத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்லித் தம் மாணவர்களை அனுப்புகிறார். அவரே 1765இல் ஜான் சிங்கிள்டன் காப்லி வரைந்த, பறக்கும் அணிலோடு இருக்கும் சிறுவனின் ஓவியத்தின் முன் அப்படி உட்கார்ந்தார். சிறுவனின் காதின் வடிவம் அணிலின் வயிற்றோர மயிரின் வடிவத்தில் திரும்ப வருகிறது என்று கண்டுகொள்ள அவருக்கு ஒன்பது நிமிடம் பிடித்தது. சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் இடைவெளியும் கீழே இருக்கும் தண்ணீர்க் குவளையின் விட்டமும் ஒன்று என்று தெரிய இருபத்தொரு நிமிடம். பின்னால் தொங்கும் திரையின் மடிப்புகளில் அதே காதும் கண்ணும் ஒளிந்திருப்பது முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. தேர்ந்த கண்ணுக்கே முக்கால் மணி நேரம்! மூன்று மணி நேரம் என்றதும் என் மாணவர்கள் முகம் வாடும். நான் ஒரு மணி நேரத்தில் தொடங்கச் சொல்கிறேன். இருபதாவது நிமிடத்தில் சலிப்பு வரும். எழுந்துவிடாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோன இடம் அது, படம் பேசத் தொடங்குவது அதற்குப் பிறகு.

வரைய வராதது குறையே இல்லை. பார்த்ததை நினைவில் நிறுத்த ஒரு கோணல்மாணலான கோட்டுப்படம் போதும், அதை யாரும் மதிப்பெண் போட்டுத் திருத்தப்போவதில்லை.

ஆண்டுகள் நிற்காததற்கு என்ன செய்வது? தனித்தனியாக மனப்பாடம் செய்தால் யாருக்கும் நிற்காது. ஒரு ஆண்டைத் தூணாக நட்டு, உலகத்தைச் சுற்றிக் கட்டுங்கள். நான் வகுப்பில் நடுகிற தூண் கி.பி. 1000. தஞ்சையில் ராஜராஜனின் பெரிய கோயில் 1010இல் நிறைவுறுகிறது. ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைமில் பெர்ன்வார்டு ஆயர் 1015இல் தேவாலயத்துக்கு வெண்கலக் கதவுகள் செய்விக்கிறார், நாலரை மீட்டருக்கு மேல் உயரம், ஒவ்வொரு கதவும் ஒரே வார்ப்பு. சீனாவில் வட சோங் காலத்து ஓவியர் ஃபான் குவான், மலையைப் பட்டுத்துணி முழுக்க நிமிர்த்தி, அடியில் எறும்பு போலக் கழுதைகளையும் வழிப்போக்கர்களையும் வரைந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். கஜுராஹோவின் கந்தரிய மகாதேவர் கோயில் சில பத்தாண்டுகளில் எழப்போகிறது. இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதிவைத்தால் எந்த ஆண்டும் மறக்காது. ஒவ்வொரு நூற்றாண்டுக்கும் இப்படி ஒரு தாள் போதும். தேர்வில் பத்துப் பதினைந்து ஆண்டு முன்பின் போனால் நல்ல ஆசிரியர் யாரும் கோபிக்க மாட்டார். நூற்றாண்டு மாறினால் நான் கோபிப்பேன்.

அந்தத் தாளிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. சோழர் காலச் செப்புத் திருமேனியும் ஹில்டஸ்ஹைம் கதவும் மெழுகு அச்சு வைத்து வார்த்தவை, காலமும் ஒன்று. உடனே கை துறுதுறுக்கும்: இவர்களிடமிருந்து அவர்கள் கற்றார்களோ? இல்லை. மெழுகு வார்ப்பு அதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே பல நாடுகளில் புழங்கிய முறை. ஒன்றுபோல் இருப்பது வேறு, ஒன்றிலிருந்து ஒன்று வந்தது வேறு. வந்தது என்று சொல்ல வேண்டுமானால் பாதையைக் காட்ட வேண்டும்: கோபால்ட் போல ஒரு சரக்கு, ஒரு கப்பல், ஒரு கடிதம், கைமாறிய ஒரு பொருள். பாதை இருந்தாலும் முழுக் கதை கிடைத்துவிடாது. இந்தியாவில் செதுக்கிய ஒரு தந்தப் பெண்ணுருவம் 1938இல் இத்தாலியின் பழைய பொம்பெயி நகரில் கிடைத்தது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் அந்த நகரம் புதைந்ததற்கு முன்பே அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பொருள் பயணம் செய்தது உறுதி. அதன் அர்த்தமும் கூடவே பயணம் செய்ததா, அந்த வீட்டார் அவளை யாரென்று நினைத்தார்கள் என்பதெல்லாம் வேறு கேள்விகள். 'தாக்கம்' என்ற சொல்லைக் கட்டுரையில் எழுதும் முன் ஒவ்வொரு முறையும் பேனாவை நிறுத்துங்கள். என் மாணவர்கள் அதிகம் வழுக்கி விழுகிற சொல் அது.

காலப் பெயர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். 'கோதிக்' என்ற ஐரோப்பியக் கட்டடப் பாணியின் பெயர், பிற்காலத்தார் காட்டுமிராண்டித்தனம் என்ற பொருளில் வைத்த வசைப்பெயர். 'இம்ப்ரெஷனிசம்' என்ற ஓவிய இயக்கத்தின் பெயர், 1874இல் பாரிஸில் நடந்த ஓவியக் கண்காட்சியைக் கேலி செய்த ஒரு பத்திரிகையாளரின் சொல்லிலிருந்து ஒட்டிக்கொண்டது. 'இடைக்காலம்' என்ற பெயர் பழைய கிரேக்க ரோமானியக் காலம், மறுமலர்ச்சி என்ற ஐரோப்பாவின் இரண்டு பெருமைகளுக்கு நடுவில் என்று பொருள்படும், அதைத் தூக்கி ஜப்பானுக்கோ எத்தியோப்பியாவுக்கோ மாட்டினால் பொருந்தாது. 'இஸ்லாமியக் கலை' என்ற ஒரே பெட்டிக்குள் ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா, முகலாயர் ஓவியம், மாலியின் மண் மசூதிகள் எல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன. பெயர்களைப் பிடியாக வைத்துக்கொள்ளுங்கள், பிடியையே பாத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா 537இல் தேவாலயமாகத் திறந்தது, 1453க்குப் பின் மசூதி, 1930களில் அருங்காட்சியகம், 2020 முதல் மறுபடியும் மசூதி. அது எந்தக் காலத்துக் கட்டடம் என்று தேர்வில் கேட்டால், நின்ற எல்லாக் காலத்துக்கும் என்று எழுதுகிற மாணவருக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

அடுத்து, வாய் திறக்கலாமா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி. அது எனக்குப் பிடித்திருந்தது. அப்படித் தயங்குகிறவர்கள்தான் கவனமாகப் படிப்பார்கள்.

வாஷிங்டனில் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் ஒரு முகலாய ஓவியம் இருக்கிறது, சுமார் 1615-18 காலத்தது, பிசித்ர் என்ற ஓவியர் வரைந்தது. ஜஹாங்கீர் மணற்கடிகை மேல் அமைந்த ஆசனத்தில் உட்கார்ந்து ஒரு சூஃபி பெரியவருக்கு நூல் ஒன்றைக் கொடுக்கிறார். அவருக்குக் கீழே ஒட்டோமான் சுல்தான், அவருக்கும் கீழே இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ், மூலையில் ஓவியர் தாமே. ஜேம்ஸின் முகம் ஆங்கிலேயத் தூதர்கள் வழியே வந்த உருவப்படத்தைப் பார்த்து வரைந்தது. மேலே பறக்கும் சிறகு முளைத்த குழந்தைகளும் ஐரோப்பியப் படங்களிலிருந்து இறங்கியவர்கள். பிசித்ருக்கு லண்டன் தெரியாது. அந்தப் படங்களைக் கூர்ந்து பார்த்து, தமக்கு வேண்டியதை எடுத்து, தம் அரசரின் பெருமையைச் சொல்லப் பயன்படுத்திக்கொண்டார். சில பத்தாண்டு கழித்து ஆம்ஸ்டர்டாமில் ரெம்ப்ராண்ட், முகலாய ஓவியங்களைப் பார்த்துத் தம் கையால் படியெடுத்தார். அப்படி இருபதுக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள் இன்றும் இருக்கின்றன. அவர் டெல்லிக்கோ ஆக்ராவுக்கோ வந்தவரல்ல. ஊர் கடந்து பார்க்கிற உரிமையை யாரும் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் இருவரும் சிரத்தையாகப் பார்த்தார்கள். உங்களிடம் நான் கேட்பதும் அந்தச் சிரத்தைதான். கதை தெரியாவிட்டால் கதையைப் படியுங்கள். விவிலியத்தின் முக்கியக் கதைகள், கிரேக்கப் புராணங்கள், புத்த ஜாதகங்கள், ராமாயண மகாபாரதக் கிளைக்கதைகள் இவற்றை இந்த இரண்டு மாதத்தில் ஒரு சுற்றுப் படித்தால், முதல் ஆண்டின் பாதிப் படங்கள் உங்களோடு பேசத் தொடங்கிவிடும்.

தெரியாத பண்பாட்டைவிடத் தெரிந்த பண்பாட்டில்தான் நான் பெரிய தவறு செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். மாணவனாக இருந்தபோது அருங்காட்சியகத்தில் கண்ட ஒரு சோழர் கால நடராஜர் திருமேனியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினேன். இடுப்பின் வளைவு, தூக்கிய திருவடி, உடலில் வழுக்கி ஓடும் வெளிச்சம் என்று நன்றாகவே எழுதியிருந்தேன். என் பேராசிரியர் ஓரத்தில் ஒரே வரி எழுதித் தந்தார்: 'இந்த உடலை அன்று யார் பார்த்தார்கள்?' தலையில் அடித்தது போல இருந்தது. உலாவுக்கு எழுந்தருளும் திருமேனி பட்டிலும் நகையிலும் மாலையிலும் மூடப்பட்டிருக்கும். பக்தர்கள் கண்டது திருமுகத்தை. முழு உடலைக் கண்டவர்கள் வார்த்த ஸ்தபதியும் நீராட்டிய அர்ச்சகரும் அபிஷேகத்தின்போது அருகே நின்றவர்களும்தான். கண்ணாடிப் பெட்டியும் மின்விளக்கும் எனக்குக் காட்டியதை, ஆயிரம் ஆண்டுக்கு முந்தையவர்கள் கண்டதாக எழுதிவிட்டேன். எனக்குச் சொந்தமானது, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது. பிற நாட்டுக் கலையைப் படித்த பிறகுதான், அந்நியமான ஒன்றிடம் கேட்கிற கேள்விகளைச் சொந்த வீட்டுப் பொருளிடமும் கேட்க நான் கற்றேன். பல பண்பாடுகளைப் படிப்பதால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அது.

கண்ணாடிப் பெட்டி என்றதும் இன்னொன்று. அந்தப் பொருள் அங்கே எப்படி வந்தது என்று கேட்பதும் இப்போது இந்தப் படிப்பின் ஒரு பகுதி. பெனின் அரண்மனையின் பித்தளைப் பலகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய நைஜீரியாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வார்த்தவை. உலோகத்தின் கணிசமான பகுதி, போர்ச்சுகீசியர் வணிகத்தில் கொண்டுவந்து இறக்கிய பித்தளை வளையங்களை உருக்கியது. சில பலகைகளில் அந்தப் போர்ச்சுகீசியரே நீள மூக்கோடும் தாடியோடும் நிற்கிறார்கள். 1897இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைத் தாக்கி, அரண்மனையைக் கொள்ளையிட்டு, ஆயிரக்கணக்கான பொருள்களை எடுத்துச் சென்றது. அவை உலகெங்கும் அருங்காட்சியகங்களில் பரவின. 2022இல் ஜெர்மனி தன்னிடமிருந்த பெனின் பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. அந்தப் பலகைகளின் வார்ப்பு நேர்த்தியைப் பற்றி மட்டும் எழுதி, 1897ஐ எழுதாத கட்டுரையை நான் அரைக் கட்டுரையாகத்தான் எண்ணுகிறேன். கொள்ளையை மட்டும் எழுதி, வார்த்த கைகளின் தேர்ச்சியை எழுதாததும் அரைக் கட்டுரைதான். இரண்டாவது தவறு இப்போது அதிகமாகிவருகிறது என்பது என் வருத்தம்.

வேலை பற்றி நேராகவே சொல்கிறேன், வீட்டாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அருங்காட்சியகத்தில் கியூரேட்டர் வேலை, அதாவது பொருள்களைத் தேர்ந்து பொறுப்பேற்றுக் காட்சிக்கு வைக்கிற வேலை, கொஞ்சம்தான் இருக்கிறது, இளங்கலையோடு அது பெரும்பாலும் கிடைக்காது, முதுகலையும் பல இடங்களில் முனைவர் பட்டமும் கேட்பார்கள். அது மட்டுமே இலக்கு என்றால் பொறுமை வேண்டும். அதற்கு வெளியே ஆவணக் காப்பகம், பதிப்பகம், ஏல நிறுவனம், மரபுச் சின்னப் பாதுகாப்பு, அருங்காட்சியகக் கல்விப் பிரிவு, ஒரு பொருள் யார் யார் கையில் இருந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கும் ஆய்வு எனப் பல கதவுகள் உண்டு. கூடவே ஒரு கைத்திறனை வளர்த்துக்கொண்டவர்களுக்கு அவை எளிதாகத் திறக்கின்றன. அந்தத் திறன் ஒரு மொழியாக இருக்கலாம், தரவுத்தளம் கையாள்வதாக, நல்ல புகைப்படமாக, தெளிவான எழுத்தாக இருக்கலாம்.

உங்களுக்கு வேதியியலில் ஆர்வம் இருந்தால் பாதுகாப்புப் பணியை, அதாவது பழுதுபார்த்துக் காக்கிற துறையை, யோசித்துப் பாருங்கள். டிரெஸ்டனில் வெர்மீரின் ஓர் ஓவியம் இருக்கிறது, திறந்த ஜன்னலருகே ஒரு பெண் கடிதம் படிக்கிறாள், பின்னால் வெறும் சுவர். அந்தச் சுவருக்குள் ஒரு மன்மதன் படம் மறைந்திருப்பதை 1979இல் எக்ஸ்ரே காட்டியது. வெர்மீரே மனம் மாறி அழித்துவிட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். 2017இல் தொடங்கிய சீரமைப்பில் வண்ண அடுக்குகளை ஆராய்ந்தபோது, மன்மதனுக்கும் மேல்பூச்சுக்கும் இடையே பழைய வார்னிஷும் அழுக்கும் தெரிந்தன. வெர்மீர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வேறு யாரோ பூசியிருக்கிறார்கள். பூச்சை மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்து, 2021இல் மன்மதனோடு அந்த ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். வெறுஞ்சுவரின் மௌனத்தைப் பற்றி எழுதியிருந்தவர்கள் எல்லோரும் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. கத்தி முனையில் தூசியளவு வண்ணத்தை எடுத்து அந்த முடிவுக்கு வந்தவர்களின் படிப்பும் கலை வரலாறுதான்.

மொழி பற்றி ஒரு சொல். இந்தத் துறை ஜெர்மன் பேசும் நாடுகளில் வளர்ந்தது. நாஜிகளுக்குத் தப்பி, கலை வரலாற்றறிஞர் ஆபி வார்பர்க் தொகுத்த பெரிய நூலகம் 1933இல் ஹாம்பர்க்கிலிருந்து கப்பலேறி லண்டனுக்குப் போனது. அறிஞர்கள் பலரும் அப்படியே ஊர் பெயர்ந்தார்கள். ஆனால் எல்லோரும் ஜெர்மன் கற்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் மனம் எந்தப் பொருளில் நிற்கிறதோ, அந்தப் பொருள் பேசிய மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது ஜப்பானியமாக இருக்கலாம்.

இனி உங்கள் அலை. வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது. பெரிய அருங்காட்சியகங்கள் பல தங்கள் படங்களை உயர்ந்த தரத்தில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 முதல் அப்படிச் செய்கிறது, அலையின் நல்ல பிரதியும் அங்கே இருக்கிறது. பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். எத்தனை படகுகள்? ஆட்கள் எந்தப் பக்கம் குனிந்திருக்கிறார்கள்? ஃபூஜி மலையை முதலில் பார்த்தபோது அதையும் ஓர் அலை என்று நினைத்தீர்களா? நுரைத்துளிகள் கடலில் விழுகின்றனவா, மலைமேல் பனியாக விழுகின்றனவா? எத்தனை நீலங்கள்? பார்த்ததை எழுதுங்கள்.

அதற்குப் பிறகு தோண்டலாம். இது தூரிகையால் வரைந்த ஒரே படம் கிடையாது. சுமார் 1831இல் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது. ஹொகுசாய் வரைந்தார், வேறொருவர் செதுக்கினார், இன்னொருவர் அச்சடித்தார், ஒரு பதிப்பாளர் விற்றார். இன்று நாம் காண்பவை பல பிரதிகள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மெட்ரோபாலிட்டன் பிரதியையும் பிரிட்டிஷ் மியூசியம் பிரதியையும் அருகருகே வைத்து வானத்தின் நிறத்தை ஒப்பிடுங்கள். மலை அவ்வளவு தூரத்தில் அவ்வளவு சிறியதாக நிற்பதில் டச்சுப் படங்கள் வழியே ஜப்பானுக்குள் வந்த தூரக்காட்சி முறையின் பாடம் இருக்கிறது. அந்த ஆழ்ந்த நீலம் பிரஷ்ய நீலம், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஒரு வண்ணத் தயாரிப்பாளரின் கலவையில் தற்செயலாகப் பிறந்து, கடல் வணிகத்தில் ஜப்பான் வந்து சேர்ந்தது. சில பத்தாண்டுக்குப் பிறகு ஜப்பானிய அச்சுப்படங்கள் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன, வான்கோ அவற்றை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தார்.

முதலில் அந்த ஒரு மணி நேரப் பார்வையை எழுதி முடியுங்கள். மேலே நான் சொன்னதில் எது படத்திலேயே தெரிகிறது, எது வெளியிலிருந்து தெரிந்துகொண்டது என்று இரண்டு வண்ணப் பேனாவால் பிரித்துக் குறியுங்கள். அந்தத் தாளை முதல் வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.